அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் திறக்கவில்லையா? ஃபார்மட் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்

"தம்பி, நேத்து அப்டேட் கேட்டுச்சு. சரின்னு அழுத்திட்டு டீ போடப் போனேன், கரண்ட் போயிடுச்சு. இப்ப கருப்பு ஸ்க்ரீன்ல ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிட்டே இருக்கு." எங்கள் தெருமுனையில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் அக்கா போனில் சொன்னது இது. அவர் கணினியில் இருப்பது லினக்ஸ் மின்ட். எனக்குச் சொல்வதற்கு முன்பே ஒரு சர்வீஸ் கடையில் காட்டியிருக்கிறார். "ஃபார்மட் பண்ணிடலாம், ஆனா டேட்டா எதுவும் இருக்காது" என்று சொல்லிவிட்டார்களாம். ஏழு வருடத்துக் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், பள்ளிக்கூடக் கேள்வித்தாள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அரை மணி நேரத்தில் கணினி திறந்துகொண்டது. ஒரு கோப்புகூடப் போகவில்லை. கோளாறைச் சரிசெய்தது இரண்டே கட்டளைகள்.

அந்த 'ஃபார்மட்' என்ற சொல்லால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அப்டேட் கைவைக்கும் இடங்கள் வேறு, உங்கள் கோப்புகள் இருக்கும் இடம் வேறு. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் /பூட் ஃபோல்டரில் இருக்கிறது. மென்பொருள்கள் /யூஎஸ்ஆர் ஃபோல்டரிலும் அவற்றின் அமைப்புகள் /ஈடிசி ஃபோல்டரிலும் இருக்கின்றன. அப்டேட் இவற்றைத்தான் மாற்றுகிறது. உங்கள் படங்களும் ஆவணங்களும் /ஹோம் ஃபோல்டரில் இருக்கின்றன, அந்தப் பக்கம் அப்டேட் போவதில்லை. திரை வராவிட்டாலும் வேலை அப்படியே வட்டில் இருக்கிறது என்பதை நம்பி, பதறாமல் உட்காருங்கள்.

கீழே உள்ளவை உபுண்டு, மின்ட், டெபியன் குடும்பத்துக்குப் பொருந்தும். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: பழைய கர்னலில் நுழைந்து பாருங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். புதிய கர்னல் வந்ததும் பழையது உடனே அழிக்கப்படுவதில்லை. வழக்கமாக முந்தையது ஒன்றாவது உள்ளே இருக்கும். கணினியை ஆன் செய்ததும், அதைத் தொடக்கிவைக்கும் உள்மென்பொருள் பழைய பயாஸ் வகை என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள், யூஇஎஃப்ஐ வகை என்றால் எஸ்கேப்பை ஒரு முறை தட்டுங்கள். எதைத் திறப்பது என்று கேட்கும் க்ரப் பட்டியல் வரும். எஸ்கேப்பைப் பல முறை தட்டினால் பட்டியலைத் தாண்டி 'க்ரப்>' என்று வெறும் வரி வந்து நிற்கும், அப்போது ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய், மேலே இருப்பதை விட்டுவிட்டு அதற்கு அடுத்த, குறைந்த எண் கொண்ட கர்னலைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய கர்னலில் எல்லாம் ஒழுங்காக வந்தால் கோளாறு புதிய கர்னலிலோ அதனோடு ஒட்டி ஒரு பாகத்தை இயக்க வேண்டிய டிரைவர் மென்பொருளிலோ இருக்கிறது. பழையதிலும் வராவிட்டால் கோளாறு கர்னலுக்கு வெளியே: பாதியில் நின்ற நிறுவல், நிரம்பிய வட்டு, டெஸ்க்டாப்பின் அமைப்புகள். தேட வேண்டிய இடம் இந்த ஒரு சோதனையிலேயே பாதியாகக் குறைந்துவிடும்.

அறிகுறி: அப்டேட் பாதியில் நின்றது, இப்போது திரை வரவில்லை

மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். அக்காவின் கதையும் இதுதான். யூபிஎஸ் பேட்டரி ஓய்ந்துபோயிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

திரை கருப்பாக இருந்தாலும் உள்ளே லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கலாம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அக்காவின் திரையில் மினுக்கிய கோடு போய், கணினியின் பெயரும் 'லாகின்' என்ற சொல்லும் வெள்ளையாக வந்தன. பயனர் பெயரைத் தட்டி, பாஸ்வேர்டைத் தட்டினோம். தட்டும்போது திரையில் புள்ளிகூட வராது, அது இயல்பு. "ஒண்ணுமே விழலையே தம்பி" என்று அக்கா இரண்டு முறை நிறுத்தினார். எண்டர் அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. பிறகு இது ('சுடோ' என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள்):

சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ

மென்பொருள் நிறுவல் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் பொதி என்ற மென்பொருள் கட்டைப் பிரித்துக் கோப்புகளை வைக்கிறது, அப்புறம் ஒவ்வொன்றையும் அமைக்கிறது. மின்சாரம் போனது இரண்டுக்கும் நடுவில். எவை பிரிக்கப்பட்டு அமைக்கப்படாமல் நிற்கின்றன என்று டிபிகேஜி கணக்கு வைத்திருக்கிறது. இந்தக் கட்டளை அந்த மிச்ச வேலையை முடிக்கிறது. 'செட்டிங் அப்' என்று தொடங்கும் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. நடுவில் ஓர் இடத்தில் நின்று, ஓர் அமைப்புக் கோப்பின் பெயரைச் சொல்லி, புதியது வேண்டுமா, இருப்பதே போதுமா என்று கேட்டது. வெறும் எண்டர் அழுத்தினால் இருப்பது அப்படியே இருக்கும். சந்தேகம் இருந்தால் அதையே செய்யுங்கள். அது முடிந்ததும்:

சுடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்

ஒன்றையொன்று சார்ந்த பொதிகளில் விடுபட்டதை இது கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் எண்டர் அழுத்துவதற்கு முன் ஒரு பட்டியலைப் படியுங்கள்: 'நீக்கப்படப் போகிறவை'. அதில் உங்கள் டெஸ்க்டாப்பின் பெயரோ, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளோ இருந்தால் 'என்' தட்டி நிறுத்துங்கள். எங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை. 'சுடோ ரீபூட்' தட்டியதும் மின்ட்டின் பச்சைச் சின்னம் வந்தது.

'லாக்' என்று சொல்லி இந்தக் கட்டளைகளே ஓட மறுக்கவும் வாய்ப்புண்டு. அந்த லாக் கோப்பை அழித்துவிடச் சொல்லிப் பலர் வழி சொல்வார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். பெரும்பாலும் பின்னணியில் தானாக நடக்கும் அப்டேட் ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு பேர் ஒரே கணக்குப் புத்தகத்தில் ஒரே நேரத்தில் எழுதக் கூடாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. பத்து நிமிடம் பொறுங்கள். அப்போதும் விடவில்லை என்றால் ரீஸ்டார்ட் செய்துவிட்டு முயலுங்கள்.

அறிகுறி: 'கர்னல் பேனிக்', கடைசியில் 'அன்நோன்-பிளாக்(0,0)'

பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் காரணம் சின்னது. கர்னல் வட்டைத் திறக்க இனிட்ராம்எஃப்எஸ் என்ற துணைக் கோப்பு வேண்டும். அது உருவாகவே இல்லை, அல்லது பாதி எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் /பூட் நிரம்பிவிட்டதுதான் காரணம். வட்டைக் குறியாக்கம் செய்து நிறுவியவர்களுக்கு /பூட் தனிப் பகுதியாக, சின்னதாக இருக்கும். துணைக் கோப்பு ஒன்றே சில கணினிகளில் 100 எம்பியைத் தாண்டும். நான்கு கர்னல் சேர்ந்தால் இடம் தீர்ந்துவிடும்.

பழைய கர்னலில் நுழைந்து, டெர்மினலைத் திறந்து 'டிஎஃப் -ஹெச்' தட்டுங்கள். /பூட் எதிரே 100% என்று இருந்தால் பிடித்துவிட்டீர்கள். 'யூநேம் -ஆர்' இப்போது எந்தக் கர்னலில் இருக்கிறீர்கள் என்று சொல்லும். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள், அதைத் தொடவே கூடாது. பிறகு:

சுடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்

இது தேவையில்லாத பழைய கர்னல்களை நீக்கும். இதற்கே இடம் இல்லை என்று அடம்பிடித்தால், ஓடாத மிகப் பழைய கர்னலின் துணைக் கோப்பு ஒன்றை, 'இனிட்ஆர்டி' என்று தொடங்கும் பெயர், உங்கள் ஹோம் ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். அழிக்க வேண்டாம், நகர்த்தினால் போதும். மூச்சுவிட இடம் கிடைத்ததும் மேலே சொன்ன டிபிகேஜி கட்டளையை ஓட்டிவிட்டு, அப்புறம்:

சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்
சுடோ அப்டேட்-க்ரப்

முதல் கட்டளை ஒவ்வொரு கர்னலின் எண்ணையும் சொல்லிக்கொண்டே போகும். புதிய கர்னலின் எண் அதில் வராவிட்டால் அந்த எண்ணைக் கொடுத்து '-யூ' இருக்கும் இடத்தில் '-சி' போட்டு ஓட்டுங்கள். 'யூ' இருப்பதைப் புதுப்பிக்கும், 'சி' இல்லாததை உருவாக்கும்.

அறிகுறி: லோகோ வருகிறது, பிறகு கருப்பு, என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினி

பழைய கர்னலில் வந்து புதியதில் வரவில்லை, உள்ளே என்விடியா அட்டை இருக்கிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். என்விடியாவின் டிரைவர் கர்னலோடு சேர்ந்து வருவதில்லை. ஒவ்வொரு கர்னலுக்கும் பொருந்துகிற ஒரு பகுதி வேண்டும், பல கணினிகளில் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அதை அங்கேயே கட்டித் தருகிறது. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்று தட்டிப் பாருங்கள். பழைய கர்னலின் எண்ணுக்கு நேரே 'இன்ஸ்டால்டு' என்று இருந்து, புதிய எண் பட்டியலிலேயே இல்லை என்றால், கட்டும் வேலை தோற்றுவிட்டது. அடிக்கடி காரணம் புதிய கர்னலின் 'ஹெடர்ஸ்' பொதி வராததுதான். உபுண்டுவிலும் மின்ட்டிலும்:

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்

புதிய கர்னலுக்கான ஹெடர்ஸ் இதில் வந்தால் டிகேஎம்எஸ் விட்ட வேலையைத் தொடங்கும். அப்போதும் கட்ட முடியவில்லை என்றால் அட்டையின் வயதைப் பாருங்கள். ஃபெர்மி தலைமுறை அட்டைகளுக்கான 390 வரிசை டிரைவருக்கு என்விடியாவின் ஆதரவு 2022 இறுதியோடு முடிந்துவிட்டது. கெப்ளர் தலைமுறைக்கு 470 வரிசைதான் கடைசி. இத்தகைய பழைய அட்டை என்றால், புதிய கர்னலோடு மல்லுக்கட்டாமல் திறந்தமூல நூவோ டிரைவருக்குப் போய்விடுங்கள்:

சுடோ ஆப்ட் பர்ஜ் 'என்விடியா-*'

விளையாட்டுக்குப் போதாது. பத்திரிகை வடிவமைக்க, வீடியோ பார்க்க, தாராளமாகப் போதும்.

பழைய கர்னலும் வரவில்லை, உள்ளே நுழைய வழியே இல்லை என்றால், க்ரப் பட்டியலில் முதல் வரியில் நின்று 'ஈ' விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் 'கொயட் ஸ்ப்ளாஷ்' என்று இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். திரை பெரிதாக, மங்கலாக வரும். அது போதும், உள்ளே போய் டிரைவரைச் சரிசெய்யலாம். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டும்தான்.

இன்னொன்று: கையொப்பம் இல்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் ஆனில் இருந்தால், அப்டேட்டின் நடுவில் புதிதாக ஒரு பாஸ்வேர்டு கேட்டிருக்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வந்து, 'மோக்' சாவியைப் பதிவுசெய்யச் சொல்லும். பலரும் அது என்னவென்று தெரியாமல் முதலில் இருக்கும் 'கன்டினியூ பூட்' மேல் எண்டர் தட்டிவிடுகிறார்கள். சாவி பதிவாகாததால், ஒழுங்காகக் கட்டப்பட்ட டிரைவரைக்கூடக் கர்னல் உள்ளே விடாது. மறுபடி கேட்கவைக்க:

சுடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ

ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வந்ததும் 'என்ரோல் மோக்', 'கன்டினியூ', 'யெஸ்', பிறகு நீங்கள் வைத்த பாஸ்வேர்டு.

அறிகுறி: பாஸ்வேர்டு சரி, ஆனால் மறுபடி லாகின் திரைக்கே வருகிறது

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 வழியாக உள்ளே போங்கள். முதலில் 'டிஎஃப் -ஹெச்'. வட்டு முழுக்க நிரம்பியிருந்தால் டெஸ்க்டாப் தன் சின்னச் சின்னக் கோப்புகளைக்கூட எழுத முடியாமல் வெளியே தள்ளிவிடும். 'சுடோ ஆப்ட் க்ளீன்' பதிவிறக்கிய பொதிகளை நீக்கி உடனே இடம் தரும். மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்ற காப்புக் கருவி எடுத்துவைத்த சிஸ்டத்தின் பழைய படிகள் அதே வட்டில் குவிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இடம் இருக்கிறது என்றால், ஹோம் ஃபோல்டரில் 'எல்எஸ் -எல்ஏ' தட்டி, புள்ளியில் தொடங்கும் 'எக்ஸ்அதாரிட்டி' கோப்பைத் தேடுங்கள். அதன் பெயரில் எக்ஸ் பெரிய எழுத்து. உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயருக்குப் பதில் 'ரூட்' என்று இருந்தால் அதுதான் காரணம். 'எம்வி' கட்டளையால் அதற்கு வேறு பெயர் கொடுத்துவிடுங்கள், அடுத்த லாகினில் புதியது தானாக உருவாகும்.

க்னோம் டெஸ்க்டாப்பில் லாகினுக்குப் பிறகு 'ஏதோ தவறாகிவிட்டது' என்று சோக முகம் வந்தால் டெஸ்க்டாப்பில் கூடுதலாகச் சேர்த்த எக்ஸ்டென்ஷன்களைச் சந்தேகியுங்கள். 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45 எக்ஸ்டென்ஷன்களை ஏற்றும் முறையையே மாற்றியது. திருத்தி எழுதாத பழையவை எதுவும் அதில் ஓடாது.

அறிகுறி: வைஃபை காணவில்லை

வைஃபை இல்லாமல் வைஃபை டிரைவரை எப்படி இறக்குவது என்று திகைத்து நிற்பவர்களுக்கு: உங்கள் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளால் இணைத்து, யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். பிறகு 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' தட்டி, வைஃபை அணைந்துகிடக்கிறதா என்று பாருங்கள். பிராட்காம் சில்லுள்ள லேப்டாப்களிலும், தனியாக டிரைவர் போட்ட ரியல்டெக் சில்லுகளிலும் என்விடியாவில் சொன்ன அதே கதைதான்: ஹெடர்ஸ் பொதி, டிகேஎம்எஸ். அதே மருந்துதான் இங்கும்.

அறிகுறி: சத்தம் இல்லை, 'டம்மி அவுட்புட்' என்கிறது

உபுண்டு 22.10 முதலும் மின்ட் 22 முதலும் ஒலியைக் கவனிப்பது பைப்வயர். பழைய பதிப்பிலிருந்து தாவியவர்களுக்கு அது சில சமயம் பாதியில் நிற்கும். சுடோ இல்லாமல் இதை ஓட்டுங்கள்:

சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட் வயர்ப்ளம்பர் பைப்வயர் பைப்வயர்-பல்ஸ்

அறிகுறி: தமிழ் தட்டச்சு வேலை செய்யவில்லை, எழுத்து உடைகிறது

உதவிக் குறிப்புகளில் இதை யாரும் எழுதுவதில்லை. நமக்கோ இதுதான் அன்றாட வேலை. தமிழ்99 விசைப்பலகை அப்டேட்டுக்குப் பிறகு மேல்பட்டியிலிருந்து மறைந்தால், முதலில், தட்டச்சைக் கவனிக்கும் ஐபஸை மறுபடி தொடக்க 'ஐபஸ் ரீஸ்டார்ட்'. அதில் வராவிட்டால் ஐபஸ்-எம்17என் பொதி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள், ஐபஸில் தமிழ்99 வழக்கமாக அதன் வழியாக வருகிறது. பொதி இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் 'ஐஎம்-கான்ஃபிக்' திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாகவுட் செய்து வாருங்கள்.

கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கின்றன, அல்லது வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன என்றால் எழுத்துரு. 'எஃப்சி-மேட்ச் :லேங்=டிஏ' தட்டினால், தமிழுக்கு எந்த எழுத்துருவை இப்போது எடுக்கிறது என்று ஒரே வரியில் சொல்லும். அங்கே நோட்டோ தமிழோ லோஹித் தமிழோ இல்லாமல் சம்பந்தமே இல்லாத பெயர் வந்தால் 'ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல்' பொதியை நிறுவி, 'எஃப்சி-கேஷ் -எஃப்' ஓட்டுங்கள்.

அறிகுறி: 'எமர்ஜென்சி மோட்' அல்லது '(இனிட்ராம்எஃப்எஸ்)' என்று நிற்கிறது

இரண்டாவது வந்தால், மேலே எந்தப் பகுதியில் பிழை என்று ஒரு வரி இருக்கும். 'எஃப்எஸ்சிகே -ஒய்' தட்டி, அந்தப் பகுதியின் பெயரை அப்படியே சேர்த்து எண்டர் அழுத்துங்கள், முடிந்ததும் 'எக்ஸிட்'. திடீரென்று மின்சாரம் போன கணினிகளில் இது சகஜம். எமர்ஜென்சி மோட் என்றால் /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பைப் பாருங்கள். கழற்றிவிட்ட வெளி வட்டு ஒன்றை அது இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். அந்த வரியின் அமைப்புப் பகுதியில் 'நோஃபெயில்' சேர்த்தால் வட்டு இல்லாமலும் திறக்கும்.

அறிகுறி: லினக்ஸை அப்டேட்டே செய்யவில்லை, ஆனாலும் திறக்கவில்லை

விண்டோஸும் சேர்ந்து இருக்கிற கணினியா? 'எஸ்பேட் செல்ஃப்-செக் ஃபெயில்டு', 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று சொல்லி அணைந்துவிடுகிறதா? 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், லினக்ஸைத் தொடக்கிவைக்கும் பழைய பூட்லோடர்களைத் தடுத்ததில், இரட்டைப் பூட் கணினிகள் பல இப்படி நின்றன. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸில் நுழைந்து:

சுடோ மோக்யூட்டில் --செட்-எஸ்பேட்-பாலிசி டெலிட்

ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து லினக்ஸ் உள்ளேயே வந்து, பொதிகளை அப்டேட் செய்துவிட்டு, செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்யுங்கள்.

எதிலும் பொருந்தவில்லை என்றால்

இரண்டு இடங்களைப் படியுங்கள். /வார்/லாக்/ஆப்ட் ஃபோல்டரில் இருக்கும் 'ஹிஸ்டரி.லாக்', எந்த நாளில், எந்தப் பொதி, எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாறியது என்று வரிசையாகச் சொல்லும். கோளாறு தொடங்கிய நாளோடு ஒப்பிடுங்கள். அடுத்து, தோற்றுப்போன பூட்டில் என்ன நடந்தது என்று பார்க்க:

ஜர்னல்சிடிஎல் --பூட்=-1 --ப்ரையாரிட்டி=எர்

சிவப்பு வரிகள் நிறைய வரும். நல்ல நாளிலேயே கொஞ்சம் வரும், எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டாம். ஹிஸ்டரியில் பார்த்த பொதியின் பெயர் இங்கேயும் வருகிறதா என்று மட்டும் தேடுங்கள். அந்தப் பொதிதான் என்று உறுதியானால் முந்தைய பதிப்பை நிறுவி, 'சுடோ ஆப்ட்-மார்க் ஹோல்டு' தட்டி அதன் பெயரைச் சேருங்கள். திருத்தம் வந்ததும் 'அன்ஹோல்டு' செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பாதுகாப்புத் திருத்தங்களும் அதற்கு வராமல் போகும்.

யாரிடமாவது உதவி கேட்பதாக இருந்தால் இந்த இரண்டிலிருந்தும் வந்த வரிகளையும், 'யூநேம் -ஆர்' சொன்ன எண்ணையும் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவருக்கும் தேட இடம் கிடைக்காது.

டைம்ஷிஃப்ட் ஏற்கெனவே போட்டுவைத்திருந்தால் இவ்வளவு தேடலும் தேவைப்படாமல் போகலாம். எழுத்துத் திரையிலிருந்தே 'சுடோ டைம்ஷிஃப்ட் --ரிஸ்டோர்' ஓடும். தேதிவாரியாகப் படிகளைக் காட்டி, எதற்குத் திரும்ப வேண்டும் என்று கேட்கும். நீங்களாக மாற்றியிருந்தால் ஒழிய அது ஹோம் ஃபோல்டரைத் தொடாது, சிஸ்டத்தை மட்டும் பின்னால் கொண்டுபோகும். அக்காவின் கணினியில் அன்றே இதைப் போட்டு, படிகளைப் பழைய 500 ஜிபி வெளி வட்டில் சேமிக்க வைத்துவிட்டேன். யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரியை அவரே மறுநாள் வாங்கி மாட்டிவிட்டார்.